லைட்ஹவுஸ் பாறையில் ஆறு நாள்

ஜூன் 25

காலையில் ஃப்ரீமாண்ட் வீட்டைப் பூட்டும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. மூன்று மணி நேரம் கழித்து பாயின்ட் ரேயஸ் முனையில் காரின் கதவைத் திறந்தேன். கையிலிருந்து கதவைப் பிடுங்கப் பார்த்தது காற்று. ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜாக்கெட், காதை மூடும் தொப்பி. ஜூன் மாதக் கலிஃபோர்னியா என்றால் நம்ப மாட்டீர்கள்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடமேற்கே கடலுக்குள் பல மைல் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் இது. 1962இல் தேசியக் கடற்கரையாக அறிவித்தார்கள். 1976இல் இதில் கிட்டத்தட்ட பாதியை, சுமார் 33,000 ஏக்கரை, புதிதாகச் சாலையோ கட்டடமோ எழுப்பக் கூடாத காட்டுநிலமாக ஒதுக்கினார்கள். முனைக்குப் போகும் வழி நெடுக ஏ, பி, சி என்று எழுத்துகளால் பெயரிட்ட பழைய மாட்டுப்பண்ணைகள். கடைசிப் பண்ணையைத் தாண்டினால் புல்லும் பாறையும் கடலும் மட்டும்தான்.

மூன்று வருடமாக மாதம் ஒருமுறை கடற்கரையில் செத்து ஒதுங்கும் பறவைகளைக் கணக்கெடுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். இறக்கையை விரித்து அளக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், எண்ணெய் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் நான் அதிகம் எழுதிய பெயர் காமன் மர். ஐரோப்பாவில் இதே பறவையை கில்லெமாட் என்பார்கள். கையில் எடுத்ததெல்லாம் செத்ததுதான். உயிரோடு, கூட்டமாக, குஞ்சோடு பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த வருடம் பாறையில் பறவை எண்ணும் குழுவினர் ஆறு நாள் உதவிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கலங்கரை விளக்கத்துக்கு 313 படி இறங்க வேண்டும். 1870இல் ஏற்றிய விளக்கு. குன்றின் உச்சியில் கட்டினால் மூடுபனிக்குள் மறைந்துவிடும் என்பதால் பாதிச் சரிவில் கட்டியிருக்கிறார்கள். படிகளில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. முதலில் கடல் என்று நினைத்தேன். இல்லை. "அர்ர்ர்... அர்ர்ர்" என்று ஆயிரக்கணக்கான தொண்டைகள். அப்புறம் காற்று திரும்பியது, வாடை வந்தது. கருவாட்டுக் களத்தில் மழை பெய்தால் எழும்புமே, கிட்டத்தட்ட அது. தூத்துக்குடிக்காரனுக்கு அந்நியமான வாடை இல்லை.

விளக்குக்கு எதிரே, கடலுக்குள் ஒற்றையாக நிற்கிறது லைட்ஹவுஸ் பாறை. மேல்பகுதி முழுக்கக் கறுப்பு. ஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் அந்தக் கறுப்பு அசைந்தது. அத்தனையும் பறவை. நிமிர்ந்து, தோளோடு தோள் ஒட்டி, தேர்த் திருவிழாவில் தெரு நிறைந்து நிற்பதுபோல நிற்கின்றன. ஒரு சதுர மீட்டருக்கு இருபது ஜோடி வரைகூட நெருக்கிக்கொள்ளுமாம். இவற்றையா எண்ணப் போகிறோம் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். "நாளைக்கு" என்றார் குழுத் தலைவி.

ஜூன் 26

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

முழுப் பாறையையும் கண்ணால் எண்ண முடியாது. அதற்கு விமானத்திலிருந்து உயரமாகப் பறந்து படம் எடுத்து, பிறகு படத்தில் ஒவ்வொரு பறவையாகப் புள்ளி வைத்து எண்ணுகிறார்கள். கரையில் நிற்கும் நாங்கள் செய்வது வேறு. பாறையின் சில பகுதிகளைக் கோடு போட்டுக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எப்போதும் அதே கட்டங்கள், எப்போதும் அதே இடத்தில் நின்று, பகலின் அதே நேரத்தில். ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று முறை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். இன்று காலை என் முதல் கட்டத்தில் எனக்கு 214 வந்தது. இரண்டாம் முறை 231. பதறிப்போனேன். மூன்றாம் முறை 222. "சரிதான்" என்றார் தலைவி. "நகர்ந்துகொண்டே இருக்கும் உயிர்கள். மூன்றும் ஒரே எண்ணாக வந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

இதோடு முடியவில்லை. ஜோடியில் ஒன்று பாறையில் இருக்கும்போது இன்னொன்று பெரும்பாலும் கடலில் இரை தேடிக்கொண்டிருக்கும். அதனால் தெரியும் தலைகளின் எண்ணிக்கையை ஒரு திருத்த எண்ணால் பெருக்கித்தான் எத்தனை ஜோடி என்று கணக்கிடுகிறார்கள். அந்தத் திருத்த எண் எங்கிருந்து வருகிறது? அதுதான் எனக்குக் கிடைத்த அடுத்த வேலை.

ஒரு சிறு விளிம்பின் பெரிய புகைப்படம். ஒவ்வொரு பறவை உட்காரும் இடத்துக்கும் ஓர் எண். மர் கூடு கட்டாது. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை இட்டு, காலின் மேல் வைத்து ஒரு மாதத்துக்குச் சற்று மேல் அடைகாக்கும். கூடு இல்லாவிட்டாலும் இடம் உண்டு. அரையடி இடம்தான், ஆனால் வருடா வருடம் அதே இடத்துக்குத் திரும்பி வரும். அதனால் 12இல் முட்டை, 13இல் குஞ்சு, 14 காலி என்று தினமும் எழுதலாம். பறவை எழுந்து நிற்கும்வரை, இறக்கையைச் சற்றுத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு எண்ணுக்கு இருபது நிமிடம்கூட ஆகும்.

9ஆம் எண்ணில் ஒரு முட்டை பார்த்தேன், இன்னும் பொரிக்காதது. பசுநீலம், மேலே மையைக் கொட்டிக் கிறுக்கினாற்போல் கறுப்புக் கோடுகள். பக்கத்து முட்டை வெள்ளை, வேறு கிறுக்கல். இரண்டு முட்டை ஒன்றுபோல இருக்காது, அதை வைத்துத்தான் பெற்றவர்கள் தங்கள் முட்டையைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு முனை கூர்ந்த பேரிக்காய் வடிவம். உருண்டு விழாமல் வட்டமடிக்கத்தான் அந்த வடிவம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். சரிவில் அசையாமல் உட்காரவே அது உதவுகிறது என்பது பின்னால் செய்த சோதனைகளில் கிடைத்த விளக்கம்.

எனக்குப் பிடித்துப்போனது 47. விளிம்பின் ஓரத்தில், ஒரு வெடிப்பை ஒட்டி. ஜூன் 14ஆம் தேதி குஞ்சு பொரித்ததாகக் குறிப்பு இருக்கிறது. தகப்பனோ தாயோ, எது என்று தெரியவில்லை, இறக்கையை நகர்த்தியதும் சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை ஒன்று தலை நீட்டியது.

ஜூன் 27

இன்று பதினொன்றரை மணிக்கு ஒரு சிறு விமானம் முனையைச் சுற்றித் தாழ்வாக வந்தது.

முதலில் தலைகள். பாறை முழுக்க எல்லாத் தலையும் மேலும் கீழும் ஆட ஆரம்பித்தன. பயந்தால் மர் அப்படித்தான் செய்யும் என்று படித்திருந்தேன், ஆயிரம் தலைகள் ஒன்றாக ஆடுவதைப் பார்த்தபோது என் வயிறு கலங்கியது. அப்புறம் மேற்கு ஓரத்திலிருந்து பறவைகள் கொட்டின, மூட்டையைச் சாய்த்தால் நெல் கொட்டுமே, அப்படி. விமானம் போய்விட்டது. மொத்தம் ஒரு நிமிடம் இருக்குமா?

காலியான இடத்தில் முட்டைகள் வெயிலில் கிடந்தன. காலின் மேல் முட்டை இருக்கும்போது பதறி எழுந்தால் அதுவும் சேர்ந்து உருளும். ஒரு முட்டை விளிம்பைத் தாண்டிப் போனதை நானே பார்த்தேன். கடல் காகங்கள் உடனே இறங்கின. பின்னாலேயே இரண்டு அண்டங்காக்கைகள். ஒன்று முட்டையைக் குறுக்கே கவ்விக்கொண்டு குன்றுப் பக்கம் போனது. ஜோடிக்கு வருடத்துக்கு ஒரு முட்டை. ஆரம்பத்திலேயே தொலைந்தால் இன்னொன்று இடும், ஜூன் கடைசியில் அதற்கு நேரம் இல்லை.

தலைவி ஒரு வார்த்தை பேசவில்லை. நேரம், விமானத்தின் நிறம், ஏறத்தாழ உயரம், எத்தனை தலையாட்டின, எத்தனை பறந்தன, எவ்வளவு நேரத்தில் திரும்பின என்று எழுதிக்கொண்டே இருந்தார். கை நடுங்காமல் எழுதினார். எனக்கு அழுகையாக வந்தது. விமானிக்குக் கீழே என்ன நடந்தது என்று தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அதனால்தான் இந்தத் தாளை எழுதுகிறோம். இப்படி எழுதிவைத்த தாள்களைக் காட்டித்தான் இந்தக் கரையில் படகும் விமானமும் எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று விமானிகளிடமும் படகுக்காரர்களிடமும் பேச முடிகிறது.

47 நகரவில்லை. குஞ்சை வெடிப்புக்குள் தள்ளி, அதன்மேல் கவிழ்ந்தாற்போல நின்றது.

ஜூன் 28

மூடுபனி. பாறை எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை, சத்தம் மட்டும் வருகிறது. எண்ண முடியாது. பக்கத்து ஊரான இன்வர்னஸில் தங்கியிருக்கும் வீட்டுக்குத் திரும்பி, நாள் முழுக்கப் பழைய தாள்களைக் கணினியில் ஏற்றினோம். ஏற்றிக்கொண்டே தலைவி சொன்ன கதைகளையும், நான் முன்பே படித்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

இங்கிருந்து தெளிவான நாளில் தெற்கே ஃபாரலான் தீவுகள் தெரியும். 1849இல் தங்க வேட்டைக்கு வந்த கூட்டத்தால் சான் பிரான்சிஸ்கோ வீங்கியது, கோழி முட்டைக்குத் தட்டுப்பாடு. ஆட்கள் தீவுக்குப் படகு விட்டு மர் முட்டையை அள்ளிக்கொண்டு வந்து விற்றார்கள். முதல் நாள் இருக்கும் முட்டையையெல்லாம் உடைத்துவிடுவார்கள். மறுநாள் கிடைப்பது புது முட்டை என்று உறுதியாகத் தெரிய வேண்டுமே! 1863இல் முட்டைக்காகத் துப்பாக்கிச் சண்டையே நடந்து ஆட்கள் செத்தார்கள். அரைநூற்றாண்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட முட்டைகள் போயின. லட்சக்கணக்கில் இருந்த பறவைகள் சில ஆயிரமாகச் சுருங்கின.

அப்புறம் எண்ணெய், அப்புறம் வலை. 1980களில் இந்தக் கரையில் செவுள்வலைகளில் மட்டும் பல்லாயிரம் மர்கள் மூழ்கிச் செத்தன. மர் நீருக்குள் இறக்கையை அடித்துப் பறக்கும், நூறு மீட்டருக்கு மேல்கூட இறங்கும். வலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதன் இரையும்.

சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டேன். இங்கே ஏழு மணி என்றால் அங்கே காலை ஏழரை. அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, பறவைய எண்ணவா லீவு போட்ட?"

"ஆமாப்பா."

வலையில் மாட்டிய கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நீர்க்காக்கா நம்ம வலையிலயும் மாட்டும்லா. பிரிக்கவே முடியாது. நாம வலையத் தூக்கும்போது செத்துதான் இருக்கும்" என்றார். அப்புறம், "கடல்ல காக்கா மொய்க்கிற எடத்தப் பாத்துதானய்யா நாங்க வல விட்டோம். அது இல்லாட்டி எங்களுக்குப் பாடு எங்க இருக்குன்னு யாரு சொல்லுவா?"

முப்பது வருடம் வள்ளத்தில் போனவர். நெத்திலி எங்கே கிடக்கிறது என்று பறவையிடம் கேட்டவர். இங்கேயும் அதே நெத்திலிக் குடும்பம்தான். வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று கரையோரமாக அடித்து மேல்தண்ணீரை வெளியே தள்ளுகிறது, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் சத்தோடு மேலே வருகிறது, அதில் நுண்ணுயிர் பெருகி, இறால் போன்ற கிரில் பெருகி, மீன் பெருகுகிறது. என் காதைப் பிய்க்கும் காற்றுதான் 47ஆம் எண் குஞ்சுக்குச் சோறு போடுகிறது.

இன்னொரு கதை சொல்ல வேண்டும். நான் இங்கே வந்ததற்கு அதுதான் காரணம் என்றுகூடச் சொல்வேன்.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டெவில்ஸ் ஸ்லைடு என்று ஒரு பாறை. 1980களின் தொடக்கத்தில் அங்கே சுமார் 3,000 மர்கள். 1986 பிப்ரவரி தொடங்கும் வேளையில் அபெக்ஸ் ஹூஸ்டன் என்ற எண்ணெய்த் தோணி ஒழுகிக்கொண்டே இந்தக் கரையோரமாகப் போனது. ஏறத்தாழ 9,000 கடற்பறவைகள் செத்தன, பெரும்பாலும் மர். டெவில்ஸ் ஸ்லைடு பாறை வெறும் பாறையானது. வழக்கு நடந்து, 1994இல் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் ஒரு காரியம் செய்தார்கள். 1996இல் கிட்டத்தட்ட 400 பொம்மைகளை மர் போலவே வண்ணமடித்துப் பாறையில் நிறுத்தினார்கள். கண்ணாடிகள் வைத்தார்கள், கூட்டத்தின் ஒலியைப் பதிவுசெய்து ஒலிபரப்பினார்கள். மர் தனியாக முட்டையிடாது, கூட்டம் வேண்டும். பொம்மைக் கூட்டத்தை நம்பி வந்து அந்த வருடமே ஆறு ஜோடிகள் முட்டையிட்டன. பத்து வருடத்தில் பொம்மைகளை எடுத்துவிடலாம் என்ற அளவுக்கு உண்மைப் பறவைகள் நிறைந்துவிட்டன.

எல்லோரும் பொம்மையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்த 3,000தான் பெரிது. எண்ணெய் வருவதற்கு முன்பே யாரோ அந்தப் பாறையை எண்ணி வைத்திருந்தார்கள். எண்ணாமல் விட்டிருந்தால் அது எப்போதும் வெறும் பாறை என்றே சொல்லியிருப்பார்கள், இழந்ததை இழந்ததென்று நிரூபிக்க ஒன்றுமே இருந்திருக்காது. அலாஸ்காவிலும் அப்படித்தான். 2014 முதல் 2016 வரை பசிபிக் கடல் சூடேறிக் கிடந்தபோது சுமார் 62,000 மர்கள் கரையொதுங்கின. செத்தது அவ்வளவுதானா? பல வருடமாக எண்ணிவந்த 13 குடியிருப்புகளின் முந்தைய, பிந்தைய கணக்கை வைத்துப் பார்த்த பிறகுதான், 2024இல், உண்மை வெளியே வந்தது. சுமார் 40 லட்சம். அலாஸ்காவின் மர்களில் பாதி.

கரையில் நான் மூன்று வருடமாக எண்ணிய உடல்களுக்கும் பாறையில் எண்ணும் தலைகளுக்கும் உள்ள தொடர்பு இன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஜூன் 29

பனி விலகியது. காலையில் நீர்க்காகக் கூடுகளை எண்ணி முடித்தேன். பிராண்ட்ஸ் நீர்க்காகத்துக்குத் தொண்டையில் அழுத்தமான நீலத்திட்டு, கூடும் கட்டும், அதனால் எண்ணுவது சுலபம்.

மதியம் 47க்கு இரை வந்தது. ஒரே ஒரு மீன், அலகில் நீளவாக்கில், தலை உள்ளே, வால் வெளியே. வந்ததும் கொடுத்துவிடவில்லை. தலையைக் குனிந்து, இறக்கையை இரண்டு பக்கமும் சற்று விரித்து, குஞ்சுக்கு ஒரு கூடாரம் போட்டாற்போல நின்றது. பக்கத்தில் இருப்பவர்களின் பார்வையில் படாமல் மறைத்துத் தருகிறது. குஞ்சு மீனைத் தலைப்பக்கமாகப் பிடித்து, அதன் உடலில் பாதி நீளம் இருக்கும் மீனை, மூன்று நான்கு முயற்சியில் விழுங்கியது. கடைசியில் வால் மட்டும் கொஞ்ச நேரம் வாயோரம் துடித்தது.

பதினைந்து நாள் வயது. பஞ்சு உதிர்ந்து வெள்ளை மார்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. அடிக்கடி இறக்கையை அடித்துப் பார்க்கிறது. அது இன்னும் இறக்கையே இல்லை, விசிறி மட்டை.

இரவு வெளிச்சம் மங்கும்வரை தங்க அனுமதி கிடைத்தது. எட்டரை மணிக்குக் கூட்டத்தின் சத்தம் மாறியது. குஞ்சுகளின் விசில் போன்ற குரல் மேலெழுந்தது. பாறையடியில் தண்ணீரில் பெரிய பறவைகள் காத்திருந்து மேலே பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அத்தனையும் தகப்பன்கள். தாயின் வேலை பாறையோடு முடிகிறது. கடலில் குஞ்சோடு போய், ஒரு மாதம் இரண்டு மாதம் கூடவே நீந்தி, ஊட்டி, முங்கப் பழக்குவது தகப்பன். முட்டைக்குள் இருக்கும்போதே கேட்ட குரல் அது. இவ்வளவு இரைச்சலிலும் குஞ்சு அதைப் பிரித்துக் கேட்கும்.

முதல் குஞ்சு விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுபடி வந்தது. குதித்தது. பறக்கவில்லை, விழுந்தது. பாதி வழியில் பாறையில் பட்டு, எகிறி, நுரைக்குள் போனது. என் வாயிலிருந்து "அய்யோ" என்று வந்துவிட்டது. நான்கைந்து விநாடி. கார்க் போலத் துள்ளி மேலே வந்தது. விசிலடித்தது. ஒரு பெரிய பறவை நேராக அதனிடம் நீந்திப் போய் அலகால் தொட்டது. இரண்டும் சேர்ந்து, திரும்பிப் பார்க்காமல், திறந்த கடலை நோக்கிப் போயின.

மூன்று குஞ்சுகள் குதித்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் இருட்டிவிட்டது. குரல்கள் மட்டும் தண்ணீரிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாக.

ஜூன் 30

கடைசி நாள். காற்று குறைவு. படியிறங்கியதும் கட்டங்களை விட்டுவிட்டு முதலில் புகைப்படத்தைத்தான் எடுத்தேன்.

47இல் ஒரு பறவை நின்றது. காலடியில் ஒன்றுமில்லை. வெடிப்பிலும் இல்லை. நாற்பது நிமிடம் பார்த்தேன். அது எழுந்தது, அலகால் மார்பைக் கோதியது, ஒரு சிறு கல்லை எடுத்து அதே இடத்தில் வைத்தது, திரும்ப உட்கார்ந்தது.

"தாய்தான். போன பிறகும் சில நாள் இடத்தைக் காக்கும்" என்றார் தலைவி.

"நேற்று ராத்திரி குதித்ததா, இல்லை அண்டங்காக்கை..." என்று இழுத்தேன்.

விதி தெளிவாக இருக்கிறது. பதினைந்து நாள் ஆன பிறகு காணாமல் போனால் கடலுக்குப் போனதாகக் கொள்ள வேண்டும். 47க்கு இன்று பதினாறு. நாம் பார்த்திருக்க வேண்டியதில்லை. எல்லா வருடமும் எல்லோரும் அதே விதியைப் பின்பற்றினால் போதும்.

தாளை என்னிடம் கொடுத்தார். 47க்கு நேரே, தேதிக்குக் கீழே, கடலுக்குப் போனதற்கான குறியைப் போட்டேன். பிறகு ஸ்கோப்பை முதல் கட்டத்துக்குத் திருப்பினேன். முதல் முறை 209.